லேஅவுட் வரைகிற தம்பிகளுக்கு: அந்தக் கடைசி ஒரு அடி

போன வாரம் காரைக்குடிக்கு வெளியே வரப்போகும் மனைப்பிரிவு ஒன்றின் வரைபடத்தை ஒரு தம்பி கொண்டுவந்து காட்டினார். இருபது வருஷத்துக்கு முந்தைய என் வரைபடத்தையே பார்த்த மாதிரி இருந்தது. அளவு தப்புவது, வடக்குக் குறி போட மறப்பது எல்லாம் யாராவது பிடித்துவிடுவார்கள், அதை விடுங்கள். யாரும் பிடிக்காத தப்புகளைத்தான் கீழே சொல்கிறேன்.

கடைசி ஒரு அடி

தெருவைப் பக்கத்து நிலம் வரை கொண்டுபோய், ஒரே ஒரு அடி முன்னால் நிறுத்துவது. தெருவெல்லாம் தானப் பத்திரத்தில் ஊராட்சிக்குப் போய்விடும், அந்த ஒரு அடி மட்டும் ஓனர் பேரிலேயே நிற்கும். நாளைக்குப் பக்கத்து நிலத்துக்காரர் லேஅவுட் போட்டு வழி கேட்டால் பெரிய விலை பேசலாம் என்று கணக்கு. கேட்டது ஓனர்தான், ஆனால் கோடு போட்டது நான். பக்கத்துக்காரர் விலை பேசவே வரவில்லை. கோபத்தில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, தன் வழியை மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போது சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா வீடு, அந்தப் பக்கம் தங்கச்சி வீடு. குழம்புத் தூக்கு சுவருக்கு மேலேயே கைமாறுகிறது, ஸ்கூட்டரில் போனால் சுற்றிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான். வீட்டை இடித்துக் கட்டலாம், இரண்டு பக்கமும் பட்டா ஏறிய பிறகு தெருவை என்ன செய்வது? அமெரிக்காவில் இந்த முட்டுச்சந்து மோகம் 1990-களின் நடுவில் உச்சம் தொட்டுத் தணிந்தது, ஆனால் அப்போது போட்ட தெருக்கள் இன்றும் அப்படியே கிடக்கின்றன, பால் வாங்கவும் கார் எடுக்க வேண்டும்.

உள்ளே கட்டம் கட்டமாக இருந்தால் போதும் என்ற நினைப்பு

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் இருக்கும் கானாடுகாத்தானில் நடந்து பாருங்கள். முன்தெருவில் முகப்பு வைத்த வீடு வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்தெருவில் கதவு திறக்கும். பின்தெருவில் பெரும்பாலும் வெறும் சுவர்தான், ஆனாலும் தெரு நேராகப் போய் அடுத்ததைத் தொடும். நம் லேஅவுட்டும் கட்டம்தான், ஆனால் மெயின் ரோட்டுக்கு ஒரே வாய். 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூரெல்லாம் எல்லைக்குள் வந்தன, நடுவில் முளைத்த லேஅவுட்டுகளோ ஒன்றுக்கொன்று இன்னும் வெளியூர்தான். ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை தெரு கூடுகிறது என்று எண்ணுங்கள். நாலு என்றால் நல்லது, மூன்று பரவாயில்லை, ஒன்று என்றால் முட்டு. உங்கள் எல்லைக்கு வெளியேயும் சேர்த்து எண்ண வேண்டும்.

தெரு முனையில் கூடுதலாக ஒரு மனை

தெரு நேராக வந்து முட்டும் மனை, அதாவது தெருக்குத்து. விலை போகாது.

ஊரணிக் கரையில் முடிகிற தெரு

அது தப்பே இல்லை. ஊரணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை மூடித் தெருவை நேராக்காதீர்கள்.

அகலம்

30 அடி போட்டாலும் முட்டினால் முட்டுதான்.

அப்புறம் அந்தத் தம்பி. தெருவை எல்லை வரை இழுக்கச் சொன்னேன். "ஓனர் ஒத்துக்க மாட்டாரே அண்ணே" என்றார். ஓனரைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன், அந்தச் சுவரைக் காட்ட.