தேதி 1970 என்று வந்தால் இங்கே பாருங்கள்

கோடிங் இல்லாமல் ஆட்டோமேஷன் செய்யும் மென்பொருளில் என் முதல் வொர்க்ஃப்ளோ (ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடும் கட்டங்களின் தொடர்) இது: ஷீட்டில், அதாவது விரிதாளில், புது வரிசை சேர்ந்தால், அதிலுள்ள கெடு தேதியை எடுத்து காலண்டரில் நினைவூட்டல் போட வேண்டும். எல்லாக் கட்டமும் பச்சையாக ஓடி முடிந்தது, பிழைச் செய்தி இல்லை, காலண்டரில் மட்டும் ஒன்றுமே இல்லை. தேடினால் எல்லாம் 1970 ஜனவரி 1-இல் போய் உட்கார்ந்திருந்தன.

நேர மண்டலத்தை மாற்றினேன், பயனில்லை. காலண்டர் இணைப்பைத் துண்டித்து மறுபடி அனுமதி கொடுத்தேன், அதுவும் வீண். ஷீட்டில் தேதியின் வடிவத்தை மாற்றுவது கண்ணுக்குத் தெரிவதைத்தான் மாற்றும், உள்ளே இருப்பதை அல்ல.

அப்புறம்தான் காலண்டர் கட்டத்துக்குள் நுழையும் தரவைத் திறந்து பார்த்தேன். 2024 ஜனவரி 1 இருக்க வேண்டிய இடத்தில் 45292! ஷீட் 1899 டிசம்பர் 30-ஐ பூஜ்யமாக வைத்து நாட்களை எண்ணுகிறது. அடுத்த கட்டமோ அந்த எண்ணை 1970-இல் தொடங்கும் நொடிக் கணக்காக எடுத்துக்கொண்டது. அடுத்தடுத்த நாட்களின் நினைவூட்டல்கள் ஒரே ஒரு நொடி இடைவெளியில் நின்றதே, அதற்குக் காரணம் இதுதான்.

நடுவில் ஒரு கட்டம் சேர்த்து, எண்ணிலிருந்து 25569-ஐ (1899 டிசம்பர் 30-இலிருந்து 1970 ஜனவரி 1 வரையான நாட்கள்) கழித்து 86400-ஆல் (ஒரு நாளின் நொடிகள்) பெருக்கினேன், தேதி சரியாக வந்துவிட்டது. அப்பாடா! கிடைப்பது யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்பதால் உங்கள் நேர மண்டலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஷீட்டைப் படிக்கும் கட்டத்திலேயே மதிப்பை எழுத்தாகத் தரும் தேர்வு இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.