பக்கவாதத்துக்குப் பிறகு டிராக்கர்: எங்கே கட்டுவது, எப்படிப் பயன்படுத்துவது

பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, நடக்கும் காலடிகளை எண்ணும் டிராக்கர் கருவி வாங்கினால், முடிந்தால் கணுக்காலில், அதுவும் பாதிக்கப்படாத காலில் கட்டும் வகையாகப் பாருங்கள். மெதுவாக நடக்கும்போதும் வாக்கரைப் பிடித்திருக்கும்போதும் கை வீசி ஆடாது, அதனால் மணிக்கட்டில் கட்டியது பல அடிகளை எண்ணாமலே விட்டுவிடும், பாவம், கஷ்டப்பட்டு நடந்தவருக்கு மனசு உடைந்துபோகும்.

நாளுக்கு 10,000 காலடி என்ற பேச்சே வேண்டாம்! முதல் வாரம் வழக்கம்போல நடக்கட்டும். அந்தச் சராசரியைப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, அவர் சொல்லும் அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். அப்புறம், எண்ணிக்கை ஏறவேண்டும் என்பதற்காகப் புளோக் கீழே தனியாக நடக்க விடாதீர்கள், விழுந்தால் பெரிய ஆபத்து.

பீட்டா பிளாக்கர் என்ற, இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இதயத்துடிப்பு அதிகம் ஏறாது, அதை வைத்து உழைப்பை அளக்காதீர்கள். திடீரென்று முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ டிராக்கரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸுக்கு (சிங்கப்பூரில் 995) அழையுங்கள்.