அனிமே விண்கப்பலின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் படங்களிலும் தொடர்களிலும் வரும் விண்கப்பல்களை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். பல கப்பல்கள் ராக்கெட் வம்சமே இல்லை. போர்க்கப்பல், ரயில் எஞ்சின், மீன்பிடிக் கப்பல் என்று பூமியில் ஏற்கெனவே ஓடிய ஏதோ ஒன்றுதான் அவற்றுக்குத் தாய். அந்தத் தாயைத் தேடிப் பிடிப்பதற்கான பயிற்சி இது. ஒரு பென்சில், கொஞ்சம் டிரேசிங் பேப்பர் (கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டாலும் கிடைக்கும்), படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஒரு திரை, இவ்வளவு போதும். ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: கப்பலை நிழலாக்குங்கள்

1974 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் பெயரையே சூட்டிக்கொண்ட கப்பல் என்பதால் பழக இதைவிட எளிதானது இல்லை. கப்பல் பக்கவாட்டில் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி, வெளிக்கோட்டை மட்டும் பிரதி எடுங்கள். உள்ளே முழுக்கக் கறுப்பாக நிரப்புங்கள். வண்ணம், வெளிச்சம், விவரம் எல்லாம் போய் உருவம் மட்டும் நிற்கும்.

இப்போது 1941இல் ஜப்பானியக் கடற்படையில் சேர்ந்த அசல் யமாட்டோவின் பக்கவாட்டுப் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் கோபுரம், முன்னும் பின்னும் பீரங்கி மேடைகள், நிமிர்ந்த மூக்கு. இரண்டும் ஒரே அச்சு. அசல் கப்பலின் நீளம் 263 மீட்டர்; 46 செ.மீ. பீரங்கிகள் ஒன்பது. 1945 ஏப்ரல் 7 அன்று ஒகினாவாவுக்குப் போகும் வழியில் அமெரிக்க விமானங்கள் அதை மூழ்கடித்தன. தொடரின் கதையோ 2199இல் நடக்கிறது. வேற்றுக்கிரகத்தாரின் குண்டுகளால் கடல்கள் வற்றி, அந்தச் சிதைந்த கப்பல் வெட்டவெளியில் கிடக்கிறது. அதற்குள்தான் ரகசியமாக விண்கப்பல் தயாராகிறது. அனிமே கப்பலின் நீளம் 265.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய அதே அளவு. 2012இல் வந்த மறுஆக்கத்தில் அது 333 மீட்டராக வளர்ந்துவிட்டது, அது வேறு கதை.

படி 2: தண்ணீர்க் கோட்டைத் தேடுங்கள்

எனக்குப் பிடித்த படி இதுதான். நிழலை ஒதுக்கிவிட்டு வண்ணத்துக்கு வாருங்கள். யமாட்டோவின் மேல்பாதி சாம்பல், அடிவயிறு சிவப்பு. முதலில் பார்த்தபோது அழகுக்காகப் பூசியது என்றுதான் நானும் நினைத்தேன்.

துறைமுகத்தில் சரக்கு இறக்கிய கப்பலைப் பார்த்திருப்பீர்கள். பாரம் குறைந்து மேலே எழும்பும்போது அடியில் சிவப்புப் பட்டை தெரியும். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கத் தண்ணீருக்குள் இருக்கும் பகுதிக்குப் பூசும் சாயம் அது. செம்புச் சேர்மம் கலந்திருப்பதால் அந்த நிறம். விண்வெளியில் பாசி ஏது, சிப்பி ஏது? ஆனாலும் யமாட்டோ அந்தச் சிவப்பைக் கழுவவில்லை. மேல் கீழ் என்ற பேச்சே இல்லாத வெளியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கடலில் அது மிதந்துகொண்டிருக்கிறது. இனி எந்தக் கப்பலைப் பார்த்தாலும் 'இதற்குத் தண்ணீர் எதுவரை?' என்று கேட்டுப் பாருங்கள். விடை இருந்தால் அதன் தாய் கடலில் இருக்கிறாள்.

படி 3: தேவையில்லாத உறுப்புகளைக் குறியுங்கள்

விண்வெளியில் வேலையே இல்லாத, ஆனால் கப்பலில் இருக்கிற பொருள்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். யமாட்டோவில் புகைபோக்கி இருக்கிறது. நங்கூரம் இருக்கிறது. வடிவமைத்தவர்கள் இரண்டையும் தூக்கி எறியவில்லை, வேறு வேலை கொடுத்தார்கள். புகைபோக்கியிலிருந்து ஏவுகணை பாயும். நங்கூரம் ராக்கெட்போலப் பறந்து போய் எதிரில் இருப்பதைக் கவ்வும். மரபைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட உறுப்புகள்தான்.

படி 4: அணியத்தைப் பாருங்கள்

கப்பலின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வது நம் கடலோர வழக்கு. அசல் யமாட்டோவின் அணியத்தில் பேரரசின் செவ்வந்தி முத்திரை இருந்தது. அனிமேயில் அதே அணியத்தில் பெரும் பீரங்கியின் வாய் திறந்திருக்கிறது. மூக்கு நம்மை நோக்கி வருமாறு கீழிருந்து காட்டும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். மூக்கு ராட்சத அளவில் புடைத்திருக்கும், கோபுரம் எங்கோ தூரத்தில் சின்னதாகத் தெரியும். அளவுகோல் வைத்தால் பொருந்தாது. ஆனால் எடை தெரிகிறது அல்லவா, அதற்காகத்தான் அப்படி.

படி 5: தாய் கப்பலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை

யமாட்டோ தொடரை உருவாக்கியதில் பங்காற்றிய ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோ 1977இல் 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999' சித்திரக் கதையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அனிமே ஆனது. விண்மீன்களுக்கிடையே ஓடுவது சி62 வகை நீராவி எஞ்சின். போருக்குப் பிந்தைய ஜப்பானில் 49 எஞ்சின்கள் மட்டுமே கட்டப்பட்ட, பெரிய பயணிகள் எஞ்சின் அது. இங்கே தேதியைக் கவனியுங்கள். ஜப்பானிய தேசிய ரயில்வேயின் கடைசி நீராவிப் பயணிகள் ரயில் ஓடியது 1975 டிசம்பரில். தரையில் நின்றுபோன எஞ்சின் இரண்டே ஆண்டில் வானத்துக்கு ஏறிவிட்டது.

அவர் படைத்த விண்வெளிக் கொள்ளையன் கேப்டன் ஹார்லாக்கின் ஆர்கேடியா கப்பலில் அமரத்தைப் பாருங்கள். பழைய பாய்மரக் கப்பலின் மர மாளிகையை அப்படியே வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். மேலே மண்டையோட்டுக் கொடி வேறு, காற்றே இல்லாத இடத்தில் படபடக்கிறது!

படி 6: ஒரு தாய் போதாதபோது

1979இல் வந்த 'மொபைல் சூட் கண்டம்' (Gundam) தொடரின் ஒயிட் பேஸ் கப்பல், முன்னே இரண்டு கால் நீட்டிப் படுத்திருக்கும் விலங்குபோல இருக்கும். எதிரிகளே அதற்கு 'மரக்குதிரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிரேக்கக் கதையில் வீரர்களை வயிற்றுக்குள் ஒளித்த ட்ராய் மரக்குதிரைபோல, வயிற்றுக்குள் போர் இயந்திரங்களைச் சுமக்கும் கப்பலுக்குப் பொருத்தமான பெயர்தான். 1982இன் 'மேக்ராஸ்' தொடரில் வரும் மேக்ராஸ் கப்பல் இன்னும் ஒரு படி மேலே. 1,200 மீட்டர் நீளக் கப்பல், மனித உருவமாக மாறும். அதன் இரண்டு கைகள் எவை தெரியுமா? கடலில் நின்றிருந்த ஒரு விமானந்தாங்கிக் கப்பலும் ஒரு தாக்குதல் கப்பலும். தவறுதலாக நடந்த விண்வெளித் தாவலில் கூடவே இழுத்துவரப்பட்டு, பிறகு இணைக்கப்பட்டவை. இந்த மாதிரிக் கப்பலுக்கு ஒரே நிழல் போடாதீர்கள். துண்டு துண்டாகப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தாய் தேடுங்கள்.

படி 7: எதிரியின் கப்பலையும் பக்கத்தில் வையுங்கள்

1988இல் வரத் தொடங்கிய 'லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்' இதற்குச் சரியான பாடம். பேரரசின் தலைமைக் கப்பல் புரூன்ஹில்ட் வெள்ளை வெளேரென்று வழுவழுப்பாக வளைந்திருக்கும். பெயரும் ஜெர்மானியப் புராணத்திலிருந்து வந்தது. எதிரே நிற்கும் மக்களாட்சிக் கூட்டணியின் கப்பல்கள் பச்சை வண்ணப் பெட்டிகள். வசனமே இல்லாவிட்டாலும் யார் பிரபு, யார் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்று தெரிந்துவிடும்.

படி 8: கோடுகளை எண்ணுங்கள்

ஹாலிவுட்டில் 'ஸ்டார் வார்ஸ்' கப்பல்களை மாதிரியாகச் செய்தவர்கள், பிளாஸ்டிக் பொம்மை டாங்கிகளின் உதிரிகளை மேற்பரப்பு முழுக்க ஒட்டினார்கள். ஒருமுறை ஒட்டினால் வேலை முடிந்தது. கையால் வரைந்த அனிமேயில் அது நடக்காது. நொடிக்கு எட்டுப் படம் என்று வைத்துக்கொண்டால், கப்பலில் பத்துக் கோடு கூடினால் நொடிக்கு எண்பது கோடு கூடுதல் வேலை. அதனால்தான் அகலமான வெற்றுப் பரப்பு, ஒரு அழுத்தமான நிழல், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் உருவம். உங்கள் நிழல் படம் இவ்வளவு தெளிவாக வந்ததற்குக் காரணம் உங்கள் கைத்திறமை மட்டும் அல்ல.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஒன்றுபோல இருந்தால் உடனே 'காப்பி' என்று எழுதிவிடாதீர்கள். முதலில் ஆண்டைப் பாருங்கள். யமாட்டோ 1974, 'ஸ்டார் வார்ஸ்' 1977, ஜப்பானுக்கு வந்தது 1978இல்.

வீட்டுப்பாடம்

1998இன் 'கௌபாய் பீபாப்' தொடரில் வரும் பீபாப் கப்பலை எடுத்து முதல் படியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு துப்பு தருகிறேன்: பரிசுத்தொகைக்காகக் குற்றவாளிகளைப் பிடிக்கும் வேட்டைக்காரர்களின் கைக்கு வருவதற்கு முன்னால் அது மீன்பிடிக் கப்பல். இரண்டாம் படிக்கு வரும்போது, அது துறைமுகத்தில் நிற்கும் காட்சியைத் தேடி நிறுத்துங்கள். இந்தக் கப்பல் நிஜமாகவே தண்ணீரில் இறங்கும். கோட்டை ஊகிக்க வேண்டியதில்லை, அலை எங்கே படுகிறதோ அங்கேயே போடலாம்.