கருந்துளையின் ஒளிச்சீற்றத்தை வீட்டுக் கணினியில் பார்ப்பது எப்படி?

நம் பால்வீதியின் நடுவில் சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளை இருக்கிறது. பெயர் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார். பெரும்பாலும் மங்கலாகவே கிடக்கும். திடீரென்று ஒன்றிரண்டு மணி நேரம் பிரகாசித்து அடங்கும்; அதுதான் ஃபிளேர், ஒளிச்சீற்றம். கருந்துளையிலிருந்து ஒளி வராது, சுற்றிச் சுழலும் சூடான வாயுதான் ஒளிர்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை நடுவழியில் தூசி விழுங்கிவிடுவதால் எக்ஸ் கதிர், அகச்சிவப்பு, ரேடியோ வழியாகத்தான் பார்க்க முடியும். புதியவர்கள் எக்ஸ் கதிரில் தொடங்குவதே நல்லது.

படி 1: தரவை இறக்குங்கள்

சந்திரா விண்தொலைநோக்கியின் (ஆம், சுப்ரமணியன் சந்திரசேகர் பெயர்தான்) பழைய தரவு இணையத்தில் இலவசம். தேட வேண்டிய அவதானிப்பு எண் (ObsID) 1561. 2000 அக்டோபரில் இந்தக் கருந்துளையின் எக்ஸ் கதிர்ச் சீற்றம் முதன்முதலாகச் சிக்கியது இதில்தான். கூடவே தரவை அலசும் சியாவோ (CIAO), படத்தைக் காட்டும் டிஎஸ்9 (DS9) என்ற இலவச மென்பொருள்கள் இரண்டையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

படி 2: வட்டம் போடுங்கள்

இரண்டாம் நிலை நிகழ்வுக் கோப்பை (வந்து விழுந்த ஒவ்வொரு ஃபோட்டானின், அதாவது ஒளித்துகளின், நேரமும் இடமும் ஆற்றலும் உள்ள, சுத்தம் செய்த பட்டியல்) டிஎஸ்9-இல் திறந்து, வானத்தின் ஆயத்தொலைவுகளில் வல ஏற்றம் 17 மணி 45 நிமிடம் 40.04 நொடி, நடுவரை விலக்கம் −29° 00′ 28.1″ என்ற இடத்துக்குப் போங்கள். 1.25 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) ஆரத்தில் ஒரு வட்டம் போதும். பெரிதாக்க ஆசை வரும், வேண்டாம். 2.4 ஆர்க் செகண்ட் தள்ளி ஒரு மேக்னட்டார், அதாவது அதிவலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன், இருக்கிறது. 2013-இல் விழித்துக்கொண்ட அது, அதற்குப் பிந்தைய தரவுகளில் உங்கள் வட்டத்துக்குள் கசியும்.

படி 3: ஒளிவளைவு வரையுங்கள்

ஒளிவளைவு என்பது நேரத்தோடு ஒளிர்வு எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடம். 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுள்ள ஃபோட்டான்களை மட்டும் வைத்துக்கொண்டு, 300 நொடிக்கு ஒரு கட்டம் என எண்ணுங்கள். சியாவோவின் டிஎம்எக்ஸ்ட்ராக்ட் (dmextract) கட்டளை இதைச் செய்துவிடும்.

நான் முதலில் வரைந்தபோது நடுவில் வெறுமை, இரண்டு ஓரங்களிலும் கோடு என்றுதான் வந்தது. ஒரு மாலை முழுக்க அதோடு போராடினேன். 1561-இல் இரண்டு துண்டுகள் உள்ளன: ஒன்று 2000 அக்டோபர், மற்றது 2001 ஜூலை. முதல் துண்டை மட்டும் வரையுங்கள்.

இப்போது தெரியும். அமைதியான நேரத்தில் கட்டத்துக்கு ஒன்றிரண்டு ஃபோட்டான்தான் விழும். பிறகு ஒளிர்வு ஏறி, உச்சத்தில் சுமார் 45 மடங்கைத் தொடும். மொத்தம் ஏறத்தாழ 10,000 நொடி. அதற்குள் ஒரு பள்ளத்தைத் தேடுங்கள்: பத்தே நிமிடத்தில் ஒளி ஐந்தில் ஒரு பங்காகச் சரிகிறது. பத்து நிமிடத்தில் ஒளி போகும் தூரம் 18 கோடி கி.மீ. ஒளிர்ந்த பகுதி அதைவிடப் பெரிதாக இருந்தால் இவ்வளவு வேகமாக மங்கியிருக்காது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரமே 15 கோடி கி.மீ.! 26,000 ஒளியாண்டு தள்ளி நடந்ததை ஒரு வரைபடத்தை வைத்து இப்படி அளக்க முடிகிறதே என்று எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

படி 4: அகச்சிவப்பைப் பக்கத்தில் வையுங்கள்

2016, 2017-இல் சந்திராவும் ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்தொலைநோக்கியும் ஒரே நேரத்தில் இதைப் பார்த்திருக்கின்றன. எக்ஸ் கதிர்ச் சீற்றம் வந்தால் அகச்சிவப்பிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் ஏற்றம் இருக்கும். அகச்சிவப்பு மட்டும் ஏறி எக்ஸ் கதிர் சும்மா இருப்பதும் அடிக்கடி நடக்கும்.

ஒப்பிடும் முன் கடிகாரங்களைச் சரிசெய்யுங்கள். இந்தப் படியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். அப்போது ஸ்பிட்சர் பூமியிலிருந்து 15 கோடி கி.மீ.க்கும் அப்பால் இருந்தது. ஒரே ஒளி இரண்டு தொலைநோக்கிகளையும் சில நிமிட வித்தியாசத்தில் தொட்டிருக்கும். இரண்டு நேரங்களையும் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றுங்கள்; சந்திரா தரவுக்கு சியாவோவில் ஆக்ஸ்பேரி (axbary) கட்டளை இருக்கிறது. மாற்றாவிட்டால் அந்த நிமிடங்களைக் கருந்துளையின் குணம் என்று நினைத்துவிடுவீர்கள்.

படி 5: ரேடியோ

இங்கே தாமதம் உண்மையானது. 43 கிகாஹெர்ட்ஸில் வந்த உச்சம் 22 கிகாஹெர்ட்ஸில் 20 முதல் 40 நிமிடம் கழித்து வந்ததை விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்திருக்கிறது. சூடான வாயு உருண்டை விரியும்போது குறைந்த அலைநீளத்துக்கு (43 கிகாஹெர்ட்ஸ்) முதலில் வழிவிடுகிறது, நீண்ட அலைநீளத்துக்குப் (22 கிகாஹெர்ட்ஸ்) பிறகுதான் என்பது ஒரு விளக்கம். ரேடியோ தரவைச் சுத்தம் செய்வது தனிப் பாடம். அதுவரை உங்கள் ஒளிவளைவில் உச்சம் வந்த நேரத்தை, படி 4-இல் சொன்னபடி நிறைமையத்துக்குத் திருத்திய கணக்கில் குறித்து வையுங்கள். ரேடியோ உச்சத்தை அதிலிருந்துதான் எண்ண வேண்டும்.