பெயரைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள்: பல பண்பாட்டு நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியருக்கு

பெயரையும் உடையையும் வைத்து 'இவர் இதைச் சாப்பிட மாட்டார், அதற்குச் சம்மதிக்க மாட்டார்' என்று நாமே தீர்மானிப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. ஒரே மதத்தில் நோன்பு இருப்பவரும் உண்டு, இராதவரும் உண்டு. அதனால் அட்மிஷனின்போதே கேட்டுவிடுங்கள். எந்த மொழி வசதி? எதைச் சாப்பிடுவதில்லை? வழிபாட்டுக்கு நேரம் வேண்டுமா? குளிப்பாட்டவும் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடவும் ஆண் செவிலியரா, பெண் செவிலியரா? சிகிச்சை விவரத்தை யாரிடமெல்லாம் சொல்லலாம்? இந்த நோய் எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்? கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேறு வைத்தியம் ஏதாவது நடக்கிறதா என்பது பல நேரம் அதில்தான் வெளிவரும். பதில்களைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். வாயால் சொன்னது இரண்டாவது ஷிஃப்டைத் தாண்டாது.

மொழி தெரியாவிட்டால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள், தொலைபேசியிலாவது. உறவினர்கள் கெட்ட செய்தியை மழுப்பிவிடுவார்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு இழுக்கவே கூடாது. பேசும்போது நோயாளியின் முகத்தைப் பாருங்கள். 'அவருக்கு எங்கே வலிக்கிறதென்று கேளுங்கள்' என்று சொல்லாமல் 'உங்களுக்கு எங்கே வலிக்கிறது?' என்று நேராகவே கேளுங்கள். ஒன்றிரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். தலையாட்டினால் புரிந்துவிட்டதென்று அர்த்தமில்லை. 'இந்த மாத்திரையை வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள்?' என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

சர்க்கரை நோயாளி ரமலான் நோன்பு வைக்க விரும்பினால், மாதம் தொடங்குமுன்பே மருத்துவரிடம் அனுப்புங்கள். இன்சுலினும் சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரைகளும் நோன்பில் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடக்கூடும். அளவையும் நேரத்தையும் மருத்துவர்தான் மாற்ற வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ (மி.கி./டெ.லி.) நோன்பை முடித்தாக வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து சோதனையையே நிறுத்துபவர்கள் உண்டு. முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. சந்தேகமிருந்தால் அவர் நம்பும் இமாமிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. கேப்சூல் உறைகளிலும் விலங்கு ஜெலட்டின் இருக்கலாம். ஊசி போட்ட பிறகு தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும். முன்னதாகவே சொல்லி, மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பொதுவாக முழு இரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா எதையும் ஏற்பதில்லை. இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஆல்புமின் என்ற புரதம் போன்றவை அவரவர் விருப்பம். இதை உறவினர்கள் இல்லாதபோது, தனியாகக் கேளுங்கள்.

கருமையான தோலில், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இரத்த ஆக்சிஜன் அளவை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால் நாக்கு, உதட்டின் உட்புறம், கீழ் இமையின் உட்புறம் மூன்றிலும் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் தமனி இரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் சொல்லுங்கள். படுக்கைப்புண்ணின் தொடக்கச் சிவப்பும் அத்தோலில் எளிதில் தெரியாது. இடுப்பு, குதிகால்களைத் தொட்டு, சூடோ கடினமோ வலியோ இருக்கிறதா என்று பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள்.