பிள்ளைகளைக் கதை எழுத வைக்கும்போது நாம் விடும் பிழைகள்

"கொப்பியைத் திறவுங்கள், 'நான் ஒரு பழைய குடை' என்று எழுதுங்கள்" என்று தொடங்கும் பாடவேளையில் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். அதே பிள்ளைகள் இடைவேளையில், இரவு யானை வயலுக்குள் இறங்கியதையும் அப்பா யானைவெடி கொளுத்திப் போட்டதையும் கைகாலை ஆட்டிச் சொல்வார்கள். அந்தக் கதையைக் காதால் கேட்காமல் நேரே கொப்பியில் தேடுவதுதான் முதல் பிழை.

இலங்கையின் வடக்கில் உள்ள எங்கள் வன்னியில் கதை பாட்டாகத்தான் வளர்ந்தது. பன்றிப் பள்ளு, குருவிச் சிந்து என்ற பெயர்களைப் பாருங்கள். வயலுக்கு வரும் பன்றியும் குருவியுமே பாட்டுக்குப் பொருள். முல்லைத்தீவுப் பக்கத்தில் கண்ணகி கதை கோவலன் கூத்தாக ஆடப்படுகிறது. இதெல்லாம் வீட்டுப் பெரியவர்களின் வாயில் இருக்க, நாம் பயிற்சிப் புத்தகத்தில் தலைப்புத் தேடுகிறோம். அம்மம்மாவிடம் ஒரு பாட்டைக் கேட்டுவரச் சொல்லுங்கள். அதே மெட்டில் யானை வந்த கதையைப் பாடட்டும்.

வில்லுப்பாட்டு முறை வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் 'ஆமா' போடுவார்கள். அந்த 'ஆமா' சொல்பவருக்கு அடுத்த வரியை யோசிக்க நேரம் தருகிறது. கேட்பவர்களும் கதையை விட்டு விலகமாட்டார்கள். வில் இல்லையா? சரி, மேசையில் தட்டினால் போதும். பாடி முடித்த சூட்டோடு எழுதவிட்டால், அந்தத் தாளம் வசனங்களுக்குள்ளும் வந்துவிடும்.

"உனக்குக் குரல் இல்லை" என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லாதீர்கள். இது சங்கீதப் பரீட்சை இல்லை. பாடசாலைகளுக்கிடையிலான தமிழ்த்தினப் போட்டிக்கென்று ஒவ்வொரு வருடமும் அதே நான்கு பேரைப் பழக்குவதும் இந்தப் பிழையோடு சேர்ந்ததுதான்.

சிவப்புப் பேனாவை முதல் நாளே எடுப்பது நானே செய்த பிழை. ஒரு மாணவி "நாய்க்குட்டி எனக்குப் பின்னால ஓடியந்தது" என்று எழுதியிருந்தாள். அதை வெட்டி, "ஓடி வந்தது" என்று திருத்தினேன். அடுத்த கிழமை அவள் தந்தது மூன்றே வரி, மூன்றும் பிழையில்லாதவை. நாய்க்குட்டியைக் காணவில்லை. எழுத்துப்பிழையைப் பிறகு ஒரு நாள் திருத்தலாம். பேச்சுவழக்கு கதைக்குள் இருக்கட்டும்.

எங்கள் மண்ணுக்கே உரிய பிழை ஒன்றும் உண்டு. வெளியிலிருந்து வருபவர்கள் மட்டுமல்ல, நாங்களும் "உன் குடும்பத்துக்கு நடந்த சோகத்தை எழுது" என்று கேட்டுவிடுகிறோம். இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறது, பதில் கிடைக்காத கேள்வி இருக்கிறது. கேட்டு எழுதவைத்தால், கண்ணீர் வந்தால்தான் நல்ல கதை என்று பிள்ளை நினைத்துவிடும். பட்டம், குளத்தில் பிடித்த மீன், பேசும் மயில் என்று எதையும் எழுதலாம் என்ற சுதந்திரம் அவர்களுக்கு வேண்டும்.

ஒரு பிள்ளை தானாகவே அந்தத் துயரத்தை எழுதித் தந்தால், அதை வகுப்பில் வாசிக்காதீர்கள், சுவரில் ஒட்டாதீர்கள், போட்டிக்கும் அனுப்பாதீர்கள். புள்ளியும் போடவேண்டாம். பாடம் முடிந்தபின் பக்கத்தில் இருந்து, "வாசித்தேன்" என்று சொல்லிக் கொப்பியைக் கையில் கொடுங்கள். பிள்ளை பேச விரும்பினால் கேளுங்கள்.