காரின் சின்ன உதிரி பாகங்களை நாமே செய்து மாட்டுவது எப்படி?

மீன் தொட்டிக்குக் காற்று கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு சாண் வெட்டி, எஞ்சினில் கிழிந்துபோயிருந்த வேக்குவம் ஹோஸுக்கு (எஞ்சினின் உறிஞ்சும் இழுப்பைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்) பதிலாக ஒருமுறை மாட்டினேன். விட்டம் கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்டார்ட் செய்தால் 'உஸ்ஸ்' சத்தம் போயே போச்சு, ஐடிலிங்கும் சீராகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பானட்டைத் திறந்து பார்த்தால், குழாய் சூட்டில் துவண்டு, நடுவில் சப்பிப்போய், இரண்டு பக்கச் சுவரும் ஒட்டிக் கிடந்தது.

தப்பு குழாயுடையது இல்லை. பிவிசி 80 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே இளகிவிடும். எஞ்சின் அந்தக் குழாயின் உள்ளிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இளகிய குழாயை வெளிக்காற்று அமுக்கிச் சப்பையாக்கிவிட்டது. நான் பார்த்ததெல்லாம் அளவு ஒன்றைத்தான். அது எந்தச் சூட்டில், என்ன வேலை செய்யப்போகிறது என்று யோசிக்கவே இல்லை.

ஆகவே கையில் இருக்கும் எதையாவது உதிரி பாகமாக மாற்றும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். அந்த இடம் எவ்வளவு சுடும்? உள்ளே அழுத்தம் உண்டா? எந்தத் திரவம் படும்? ஓடும்போது அது உடைந்தால் என்ன நடக்கும்? கடைசிக் கேள்விக்கு 'வண்டி நிற்காது', 'திரும்பாது', 'தீப்பிடிக்கும்' என்று பதில் வந்தால் அந்த வேலையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கைவைக்கக் கூடாதவை

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட், ஏர்பேக், பெட்ரோல் லைன். இவற்றில் சொந்தச் சரக்கு வேண்டாம். பிரேக்கை ஓங்கி மிதித்தால் லைனுக்குள் 100 பார் அழுத்தத்தையும் தாண்டும். சாதாரண இன்ஜெக்‌ஷன் எஞ்சினின் பெட்ரோல் லைனில் 3 பார் அளவுக்கு எப்போதும் இருக்கும். அங்கே கைக்குக் கிடைத்த ஹோஸைப் போட்டால், விரிசல் விட்ட அன்று சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும்.

ஃபியூஸும் இந்த வரிசையில்தான். எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதில் அலுமினியத் தாளோ கம்பியோ சொருகினால், அடுத்த தடவை எரியப்போவது வயரிங். பிளேடு ஃபியூஸ்களில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. அதே நிறத்தைத்தான் போட வேண்டும். பெரியதைப் போட்டால் வேலை செய்யும்தான், அதுதான் ஆபத்தே.

இன்னொன்று, காரின் பாகமே இல்லை என்பதால் பலர் யோசிப்பதில்லை: வண்டியைத் தூக்கி நிறுத்தும் முட்டு. செங்கல், ஹாலோ பிளாக் இரண்டுமே கூடாது. ஹாலோ பிளாக் முன்னறிவிப்பே இல்லாமல் பொடிந்து உட்காரும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். அடியில் போவதென்றால் ஸ்டாண்ட் வேண்டும். இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

ரப்பரில் ஏமாறாமல் இருக்க

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். பார்க்க எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும், குணம் வேறு வேறு. கூலண்ட் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற வகை. சுடுநீரும் கூலண்டும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் எஞ்சின் ஆயில் பட்டால் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். நைட்ரைல் நேரெதிர், ஆயிலையும் பெட்ரோலையும் தாங்கும், பிரேக் ஆயிலைத் தாங்காது. சிலிகான் ஹோஸ் நல்ல சூட்டைத் தாங்கும், ஆனால் பெட்ரோல் அதன் சுவர் வழியாகவே கசியும்.

வகை தெரியாத ரப்பர் கையில் இருந்தால் ஒரு சோதனை. சின்னத் துண்டு வெட்டி, அதன் நீளத்தையும் தடிமனையும் வெர்னியரில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த ஆயிலில் அல்லது கூலண்டில் இருக்கப் போகிறதோ அதை மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, துண்டை இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். எடுத்துத் துடைத்து மறுபடி அளந்தால், உப்பியிருந்தாலோ கையில் கறுப்பாக ஒட்டினாலோ அது வேண்டாம். உப்பவில்லை என்பதற்காகச் சூட்டையும் தாங்கும் என்று அர்த்தமில்லை, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வேக்குவம் ஹோஸ்

முதலில் கசிவு எங்கே என்று தெரிய வேண்டும். ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறு முனையை எஞ்சின் ஓடும்போது ஹோஸ்களின் மேல் மெல்ல நகர்த்துங்கள். கசியும் இடத்தில் 'உஸ்' சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்கும். ஃபேன், பெல்ட் பக்கம் குழாயும் கையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரியக்கூடிய ஸ்பிரேயை அடித்துத் தேடும் வழக்கம் ஒன்று உண்டு. சூடான எஞ்சினில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பெரும்பாலும் ஹோஸ் கிழிவது முனையில்தான். நீளம் கொஞ்சம் தாராளமாக இருந்தால், கெட்டுப்போன ஒரு சென்டிமீட்டரைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்டிவிட்டு மறுபடி சொருகுங்கள். செலவே இல்லாத ரிப்பேர் இதுதான்.

நடுவில் வெடித்திருந்தால் புது ஹோஸ் தேவை. உள்விட்டத்தைக் கண்டுபிடிக்க டிரில் பிட்டின் பின்புறத்தைச் சொருகிப் பாருங்கள். எது இறுக்கமாக உட்காருகிறதோ அதுவே அளவு. மீட்டர் கணக்கில் கிடைக்கும் வேக்குவம் ஹோஸையோ தடித்த சுவருள்ள பெட்ரோல் ஹோஸையோ அந்த அளவில் வெட்டிப் போடலாம். பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பாகம்) போகும் தடித்த ஹோஸ் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அதற்கு ஒரிஜினல்தான்.

கேஸ்கட் வெட்டுவது

கேஸ்கட் என்பது இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவே கசியாமல் இருக்க வைக்கும் மெல்லிய தாள். கற்றுக்கொள்ள வேண்டிய வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறந்து கூலண்டை ஓடவிடும் வால்வு) மூடியின் கேஸ்கட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பழையது பேப்பர் வகையாக இருந்தால்தான் இந்த முறை சரிவரும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் பள்ளத்தில் உட்காரும் ரப்பர் வளையம் இருக்கும். அங்கே பேப்பர் கேஸ்கட் நிற்காது. சிலிண்டர் ஹெட் கேஸ்கட்டையும் இப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள், முடியாது.

1. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும். சுத்தமான பாத்திரத்தில் கூலண்டை வடித்து உடனே மூடி வையுங்கள். அது விஷம், ஆனால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிவிடும்.

2. போல்ட்டுகளைக் கழற்றும்போதே, ஒரு அட்டையில் மூடியின் படத்தை வரைந்து, அதே இடத்தில் ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், நீளம் மாறும். நீளமானதைக் குட்டையான துளையில் போட்டு முறுக்கினால் உள்ளே இடித்து நிற்கும்.

3. திறந்த வாயில் துணியை அடைத்துவிட்டு, பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டுங்கள். அலுமினியத்தின் மேல் இரும்பு பிளேடு போட்டால் கீறல் விழும், கூலண்ட் அந்தக் கீறல் வழியே வெளியே வரும். இந்த வேலைக்குத்தான் பாதி நேரம் போகும், போகட்டும்.

4. பழைய துண்டின் தடிமனை அளவெடுங்கள். அது பல வருடம் நசுங்கிக் கிடந்தது என்பதால் அளவு கொஞ்சம் குறைத்தே காட்டும். போல்ட்டுகளுக்கு இடையே நசுங்காமல் மிஞ்சிய ஓரம் இருந்தால் அங்கே அளக்கவும். அதற்கு நெருக்கமான தடிமனில் கேஸ்கட் ஷீட் வாங்கிக்கொள்ளுங்கள். பொருள் வரும் அட்டைப்பெட்டியை வெட்டிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேரும்வரை ஓடும், அதற்குமேல் அதை நம்ப வேண்டாம்.

5. மூடியின் முகப்பில் விரலால் லேசாக கிரீஸ் தடவி ஷீட்டின் மேல் அழுத்துங்கள். அச்சு அப்படியே விழும்.

6. முதலில் போல்ட் துளைகள். கத்தரியால் வெட்டினால் பிய்ந்துவிடும், ஷீட்டைக் கட்டையின் மேல் வைத்து, குழல் வடிவ 'பஞ்ச்' (துளை போடும் கருவி) வைத்துத் தட்டுங்கள். துளைகளில் போல்ட்டைச் சொருகி மூடியோடு பொருத்திப் பார்த்துவிட்டு உள்வட்டத்தை வெட்டுங்கள், கடைசியில் வெளி ஓரம். வரிசையை மாற்றினால் மெல்லிய ஓரம் கையோடு வந்துவிடும். உள்வட்டத்தை ஒரு மயிரிழை பெரிதாகவே வெட்டலாம். கூலண்ட் ஓடும் வழியில் பேப்பர் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது.

7. தெர்மோஸ்டாட்டில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அது. எல்லா போல்ட்டையும் கையால் முறுக்கி உட்கார வைத்த பிறகு ஸ்பேனர் எடுங்கள். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. 6 மி.மீ. போல்ட் என்றால் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். மணிக்கட்டு பலம்தான், தோள் பலம் வேண்டாம்.

8. கூலண்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை எஞ்சினை ஓட விடுங்கள். ஆறிய பிறகு ஓரத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள்.

பலர் இந்த வேலைக்கு, டியூபில் வரும் ஆர்டிவி சிலிகான் பசையைப் பற்பசை மாதிரி பிதுக்கி விடுவார்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து போய் ஏதாவது வழியை அடைக்கும், ஆயில் பக்கமென்றால் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் வலையை. போடுவதாக இருந்தால் படலம் போல, ஒரு பக்கம் மட்டும். முழுதாக இறுக ஒரு நாள் விடவும். வினிகர் வாசம் அடிக்கும் சாதா சிலிகான் எஞ்சினுக்கு வேண்டாம். ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பாதகமில்லை என்று டியூபில் போட்டிருப்பதைப் பாருங்கள்.

செம்பு வாஷர்

பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டில் இருப்பது செம்பு வாஷராக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நசுங்கிக் கெட்டியாகிவிட்டதால்தான் கசிகிறது. இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பின் தீயில் மங்கலான செந்நிறம் வரும்வரை காட்டி, தண்ணீரில் போடுங்கள். சூடாக்கித் தண்ணீரில் போட்டால் எஃகு கெட்டியாகும், செம்போ இளகிவிடும். கண்ணாடித் துண்டின் மேல் நைஸான எமரி தாள் வைத்து இரண்டு பக்கமும் எட்டு போடுவது போல் தேய்த்தால் வாஷர் தயார். அலுமினிய வாஷரில் இதைச் செய்யாதீர்கள். நிறம் மாறாமலே உருகிவிடும். பிரேக் ஹோஸின் வாஷரையும் இப்படிச் செய்யாதீர்கள், அதற்குப் புதிதுதான்.

கடகட சத்தமும் தொங்கும் பிளாஸ்டிக்கும்

சைலன்சர் குழாயின் மேல் இருக்கும் தகரக் கவசம் துருப்பிடித்து, போல்ட் துளை போல்ட்டின் தலையைவிடப் பெரிதாகிவிடும். ஐடிலிங்கில் கடகடவென்று மானத்தை வாங்கும். 25 அல்லது 30 மி.மீ. அகலமுள்ள எஃகு வாஷர் ஒன்றை இடையில் கொடுத்து முறுக்கினால் முடிந்தது. துளை இருந்த இடமே அரித்துப் போயிருந்தால், ஸ்க்ரூ வைத்த ஹோஸ் கிளாம்ப்பைக் கவசத்தையும் குழாயையும் சேர்த்துச் சுற்றிப் பிடியுங்கள். நீளம் போதாவிட்டால் இரண்டு கிளாம்ப்பை ஒன்றோடு ஒன்று கோத்துவிடலாம். குழாயே ஓட்டையாகியிருந்தால் அது வேறு விஷயம். புகை காருக்குள் வரும், தள்ளிப்போடக் கூடாது.

பம்பருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பின் கிளிப் உடைந்தால் கேபிள் டை போதும். கறுப்பு நிற டை வாங்குங்கள். வெள்ளை டை வெயிலில் சில மாதங்களில் மொறுமொறுவென்று ஆகி ஒடியும். சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, வெட்டிய நுனி டயரில் உரசாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். முப்பரிமாண பிரிண்டரில் கிளிப் செய்து போடுபவர்கள் பிஎல்ஏ இழையைத் தவிர்க்கவும். 60 டிகிரியில் வளைந்துவிடும், வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டுக்கு எளிதாகப் போகும். ஏபிஎஸ் தாங்கும்.

தொலைந்த போல்ட்டுக்குப் பதில் வேறு போடும்போது தலையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 8.8 என்று இருந்த இடத்தில் எண்ணே இல்லாத போல்ட்டைப் போட்டால் கழுத்து முறியும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் உயர்ந்தது என்று நினைப்பார்கள். வழக்கமான ஏ2-70 வகை 8.8-ஐவிடப் பலம் குறைவு. 8 மி.மீ. போல்ட்டிலேயே மரை இடைவெளி 1.25, 1.0 என்று இரண்டு உண்டு. நான்கைந்து சுற்று விரலால் போகவில்லை என்றால் அது அந்தத் துளைக்கு உரியதில்லை.

மாட்டிய பிறகு

நீங்களே செய்து மாட்டிய பாகத்தின் மேல் பெயின்ட் மார்க்கரில் ஒரு புள்ளி வையுங்கள். தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் பாருங்கள். வண்டியை வேறொருவர் சர்வீஸ் செய்தால் அந்தப் புள்ளிகளைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த மீன் தொட்டிக் குழாய் இருக்கிறது. ஓடிய தூரம் 22 கிலோமீட்டர்.